எந்த வீடு? எந்த அலுவலகம்?

கொரோனா ஓய்ந்து ஆண்டுகள் ஆகியும் ஒரு பஞ்சாயத்து மட்டும் முடிந்தபாடில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதா, அலுவலகத்துக்குத் திரும்புவதா? மனிதவளத் துறையிலிருந்து புதிதாக ஒரு மின்னஞ்சல் வரும்போதெல்லாம் பேச்சு மறுபடி சூடுபிடிக்கிறது. நிர்வாகங்கள் ‘குழு உணர்வு’, ‘உற்பத்தித் திறன்’ என்கின்றன. ஊழியர்கள் ஓ.எம்.ஆர். நெரிசலையும் வேளச்சேரி வாடகையையும் சொல்கிறார்கள். இரண்டு தரப்புமே ‘வீடு’ என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரியான வீடு, ‘அலுவலகம்’ என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரியான இடம் என்று வைத்துக்கொண்டுதான் பேசுகின்றன. ஊரும் சேரியும் தனித்தனியாக இருக்கிற நாட்டில் வீடு எப்படி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்?

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கிருந்து வேலை செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை முடிந்தவரை தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். ஆனால் வீட்டிலும் அலுவலகத்திலும் சாதி என்ன செய்கிறது என்பதைப் பேசாமல் அந்த உரிமையைக் கேட்டால், ஏற்கெனவே வசதியான வீடும் இணக்கமான அலுவலகமும் வாய்த்தவர்களுக்கு மட்டுமே அது பயன்படும்.

போ என்றார்கள், வா என்றார்கள்

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. சில வாரங்களுக்குள் இலட்சக்கணக்கான மென்பொருள் ஊழியர்கள் மடிக்கணினியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஏப்ரலிலேயே டி.சி.எஸ். நிறுவனம், 2025இல் தன் ஊழியர்களில் 25 விழுக்காட்டினர் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று அறிவித்தது. நவம்பரில் ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறை, வீட்டிலிருந்து வேலை செய்வதற்குத் தடையாக இருந்த விதிகளைத் தளர்த்தியது. எதிர்காலமே மாறிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. 2023 அக்டோபரில் அதே டி.சி.எஸ். வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வரச் சொன்னது.

இரண்டு முடிவுகளுக்கும் காரணம் சொல்லப்பட்டது. இரண்டிலும் ஊழியரிடம் கேட்கவில்லை. சென்னையில் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போனவர்கள் மறுபடி முன்பணம் திரட்டி, மறுபடி தரகரைப் பிடித்து, மறுபடி வீட்டு உரிமையாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி வர வேண்டியிருந்தது. அந்தக் கேள்விகள் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கப்படுவதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

வீட்டுக்கு அனுப்பப்படவே முடியாதவர்கள் ஒரு பக்கம் இருந்தார்கள். ஊரடங்குக்கு இரண்டு நாள் முன்பு, மார்ச் 22 மாலை, நாடே மாடியில் நின்று தட்டைத் தட்டியதே, அது யாருக்காக? மருத்துவர், செவிலியரோடு தூய்மைப் பணியாளர்களுக்காகவும்தான். குப்பை அள்ளும் வேலையை வீட்டிலிருந்து செய்ய முடியாது. அந்த வேலையில் யார் இருக்கிறார்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒருவர் வீட்டுக்குள் பாதுகாப்பாக இருக்க, இன்னொருவர் அந்த வீட்டு வாசலுக்கு வந்தாக வேண்டும் என்ற ஏற்பாடு கிருமியோடு வந்ததல்ல. தட்டு தட்டிய ஓசைக்கு என்ன மதிப்பு என்பதை 2025 ஆகஸ்ட் மாதம் காட்டியது. தங்கள் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்துச் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு நடைபாதையில் அமர்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள், 13ஆம் நாள் இரவில் காவல்துறையால் அப்புறப்படுத்தப்பட்டார்கள்.

பூட்டிய அலுவலகத்தின் பின்வாசல்

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இந்த விவாதத்தில் அதன் பெயரே வருவதில்லை. கண்ணகி நகர், எழில் நகர், பெரும்பாக்கம் – இவை ஓ.எம்.ஆர். சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கூவம் கரையிலிருந்தும் நகரின் நடுப்பகுதிகளிலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்ட குடும்பங்களைக் குடிசை மாற்று வாரியம் இங்கே கொண்டுவந்து குடியேற்றியது. கண்ணகி நகரும் எழில் நகரும் சேர்ந்தாலே 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பழைய தொகுப்புகளில் பல வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை. இவர்களில் பெரும் பகுதியினர் தலித் மக்கள். பழைய பிழைப்பை விட்டு வந்தவர்களுக்குப் புதிதாகக் கிடைத்த வேலைகளில் முக்கியமானது, அந்தக் கண்ணாடிக் கட்டடங்களில் தரை துடைப்பதும், கழிவறை கழுவுவதும், வாசலில் காவல் நிற்பதும், உணவகத்தில் பாத்திரம் கழுவுவதும்தான்.

அலுவலகம் மூடியபோது மென்பொருள் எழுதுபவரின் வேலை அவரோடு வீட்டுக்குப் போனது. கழிவறை கழுவியவரின் வேலை கட்டடத்தோடு பூட்டப்பட்டது. ஒப்பந்ததாரர் ‘கூப்பிடும்போது வாங்க’ என்றார். ஊரடங்குக் காலத்தில் கூலியைப் பிடிக்கக் கூடாது என்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் 2020 மார்ச் 29 அன்று ஆணை போட்டது. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். மே 18 முதல் அந்த ஆணையே விலக்கிக்கொள்ளப்பட்டது. அப்படியானால் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த ஆணை என்ன பாதுகாப்பைத் தந்திருக்கும்?

வீட்டு வேலை செய்யும் பெண்களின் நிலையும் இதேதான். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் முதலில் இவர்களைத்தான் வாசலில் நிறுத்தின. மறுபடி அனுமதித்தபோது தனி லிஃப்ட், தனிப் பதிவேடு. சமூக இடைவெளி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ஏன் உறுத்தியது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆகவே, ‘அலுவலகமே தேவையில்லை, எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்வோம்’ என்று முழங்கும் முற்போக்கு நண்பர்களிடம் ஒரு கேள்வி: அந்த எல்லோரில் இவர்கள் உண்டா? வீட்டிலிருந்து வேலை செய்யும் உரிமை வேண்டும். கூடவே, அலுவலகம் பாதியாகச் சுருங்கும்போது அதைத் தாங்கி நின்றவர்களின் வேலைக்கும் கூலிக்கும் யார் பொறுப்பு என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பியபோது

இனி, மடிக்கணினியோடு வீட்டுக்குப் போனவர்களைப் பார்ப்போம். அவர்களிலும் தலித் இளைஞர்கள் இருக்கிறார்கள். பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் குடும்பங்களில் கணினி இருந்தது 10.7 விழுக்காட்டில் மட்டும்தான். கிராமப்புறத்தில் 4.4 விழுக்காடு. கொரோனா வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய நிலை இது. அப்படிப்பட்ட நாட்டில்தான் ஒரே இரவில் ‘வீடே அலுவலகம்’ என்று சொல்லப்பட்டது.

பல்கலைக்கழகங்களும் இதைத்தான் செய்தன. 2020 மார்ச்சில் விடுதிகளைக் காலி செய்யச் சொன்னார்கள். ஆய்வு மாணவர்களில் சிலருக்கு வீட்டில் தனி அறையும் புத்தக அலமாரியும் இருந்தன. எங்களில் பலருக்கு விடுதி அறைதான் வாழ்நாளில் கிடைத்த முதல் தனி மேசை. இரண்டு அறை வீட்டில் ஆறு பேருக்கு நடுவே, சமையல் சத்தத்துக்கு நடுவே, மொட்டை மாடியில் செல்போன் கோபுரத்தைத் தேடிக்கொண்டு எழுதிய அத்தியாயங்களுக்கும் அதே கெடு தேதிதான் வைக்கப்பட்டது. தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கேட்டபோது ‘வீட்டில்தானே சும்மா இருந்தீர்கள்’ என்ற பதில் எங்களில் பலருக்குக் கிடைத்தது.

வீடு என்பது நான்கு சுவரோடு முடிவதில்லை. அதைச் சுற்றி ஒரு தெரு இருக்கிறது, தெருவைச் சுற்றி ஊர் இருக்கிறது. சென்னையில் நான்கைந்து ஆண்டுகள் பெயர் சொல்லி மதிக்கப்பட்டவர், ஊரில் இறங்கியதும் ‘இன்னார் வீட்டுப் பையன்’ ஆகிவிடுகிறார். கையில் காசு இருப்பதும், நல்ல சட்டை போடுவதும், வண்டியில் ஊர்த்தெரு வழியாகப் போவதும் கண்ணை உறுத்துகின்றன. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. வீட்டிலிருந்து வேலை செய்வது என்றால் அந்தத் தெருவில் தண்ணீர் பிடித்து வாழ்வதும்தான்.

2025 ஜூலை 27 அன்று திருநெல்வேலியில் சாதி ஆணவப் படுகொலைக்கு ஆளான கவின் செல்வகணேஷ் சென்னையில் வேலை பார்த்த மென்பொருள் பொறியாளர். ஊர்ப்பக்கம் வந்திருந்தபோது கொல்லப்பட்டார். படிப்பும் வேலையும் சம்பளமும் சாதியின் கோட்டைத் தாண்ட வைத்துவிடும் என்று நமக்குச் சொல்லப்பட்ட கதைக்கு அவர் உடல்தான் பதில் சொன்னது. அலுவலகத்திலிருந்து ஊருக்குப் போகும் தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளந்துவிட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பெண்களுக்கு இது இரட்டிப்புக் கணக்கு. அது தலித் பெண்களுக்கு மட்டுமானதல்ல. இடைநிலைச் சாதிக் குடும்பங்களிலிருந்து வந்த பெண்களுக்கும் நகரத்து வேலைதான் சொந்தக் கையில் பணம், சொந்தமாக ஒரு நட்பு, சாதி பார்க்காத ஒரு காதல் ஆகியவற்றுக்கு வாசல். வீட்டிலிருந்து வேலை என்றதும் அந்த வாசல் மூடிக்கொண்டது. யாரிடம் பேசுகிறாள் என்பது அடுத்த அறைக்குக் கேட்கும். காலைச் சமையலும் மாலை விளக்கும் வேலை நேரத்தோடு சேர்ந்துகொள்ளும். சாதியைக் காப்பாற்றும் வேலையைக் குடும்பம்தான் செய்கிறது, அதுவும் பெண்ணைக் காவல் காத்துத்தான் செய்கிறது. வீட்டைப் புகழ்வதற்கு முன் இதை மறக்கக் கூடாது.

அலுவலகமும் தப்பவில்லை

அப்படியானால் அலுவலகத்துக்கே திரும்பிவிடலாமா? அலுவலகம் தலித் ஊழியருக்கு என்ன வைத்திருக்கிறது?

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறக்க முடிவெடுத்தார்கள். அதனால் தமிழ்நாட்டில் பெயரை வைத்து மட்டும் சாதி கண்டுபிடிப்பது கடினம். ஆகவே சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். ‘நீங்க எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? எந்த சாமி கும்பிடுவீங்க? வீட்ல மாட்டுக்கறி உண்டா?’ மதிய உணவு மேசையில் சிரித்துக்கொண்டே கேட்கப்படும் கேள்விகள் இவை. பதில் தெரிந்த பிறகு டிபன் பாக்ஸ் நகர்வதும், ‘கோட்டாவா?’ என்ற கிசுகிசுப்பும், நல்ல திட்டங்களில் பெயர் விடுபடுவதும் தொடரும்.

இது எங்கோ ஒரு சிறு நிறுவனத்தில் மட்டும் நடப்பதல்ல. 2020 ஜூனில் கலிபோர்னியா மாகாண அரசின் துறையே சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் இரண்டு பொறியாளர்கள் மீதும் சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது. தலித் பொறியாளர் ஒருவர் ஐ.ஐ.டி.யில் இட ஒதுக்கீட்டில் படித்தவர் என்பதை மேலதிகாரி சக ஊழியர்களிடம் வெளிப்படுத்தினார் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. பொறியாளர்கள் மீதான வழக்கு 2023இல் திரும்பப் பெறப்பட்டது, நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. அதே 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை விதித்தது. அமெரிக்க நகரம் ஒன்றின் மன்றத்தில் ஒலித்த ‘சாதி’ என்ற சொல், நம் ஊர் நிறுவனங்களின் நடத்தை விதி வகுப்புகளில் எத்தனை முறை ஒலிக்கிறது?

அமெரிக்காவிலிருந்தே இன்னொரு செய்தி. 2021இல் ஸ்லாக் நிறுவனத்தின் ஃபியூச்சர் ஃபோரம் அமைப்பு நடத்திய கருத்தாய்வில், அலுவலக வேலை பார்க்கும் கறுப்பின ஊழியர்களில் முழு நேரம் அலுவலகத்துக்குத் திரும்ப விரும்பியவர்கள் 3 விழுக்காடு மட்டும். வெள்ளையரில் 21 விழுக்காடு. அலுவலகத்தில் தினம் தினம் தின்னும் சிறு சிறு அவமானங்களிலிருந்து வீடு ஓய்வு தந்தது என்பதைத்தான் அந்த வேறுபாடு காட்டுகிறது. இங்கே இதே கேள்வியைச் சாதிவாரியாகக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் தங்களிடம் எந்தச் சாதியினர் எத்தனை பேர், எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்று வெளியிட வேண்டிய சட்டக் கடமையே இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு இல்லை.

வீட்டிலிருந்து வேலை செய்ததில் நம் நண்பர்கள் பலருக்கு நிம்மதி கிடைத்தது உண்மை. உணவு மேசைக் கேள்விகள் நின்றன. ஆனால் கேமரா திறந்தது. பெயர் மறைத்ததைச் சுவர் காட்டிக்கொடுத்தது. ஓட்டுக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ், பின்னால் மாட்டியிருக்கும் அண்ணல் அம்பேத்கர் படம், தெருவில் கேட்கும் பறையொலி எல்லாமே அடையாள அட்டை ஆகின. பின்னணியை மங்கலாக்கும் பொத்தானை யார் எதற்காக அழுத்துகிறார்கள் என்று யாராவது ஆய்வு செய்தால் நல்ல ஆய்வேடு கிடைக்கும்.

பரோடாவில் இரண்டு கதவுகள்

இந்த விவாதத்தை நமக்கு 100 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் தன் உடலால் அனுபவித்துக் காட்டியிருக்கிறார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, உதவித்தொகை ஒப்பந்தப்படி 1917இல் பரோடா அரசுப் பணிக்குப் போனார் அம்பேத்கர். அலுவலகத்தில் பணியாட்கள் கோப்புகளை அவர் கையில் கொடுக்காமல் மேசையில் எறிந்தார்கள் என்று அவரது வாழ்க்கை வரலாற்றில் படிக்கிறோம். தங்குவதற்கோ இடம் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். 11ஆம் நாள் கம்புகளோடு வந்த கும்பல் அவரை வெளியேறச் சொன்னது. நண்பர்களிடம் கேட்டார், இடம் கிடைக்கவில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு இரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார்.

பரோடாவில் அவரை வேலையை விட்டு யாரும் நீக்கவில்லை. வீடு இல்லாததால் அந்த வேலையைத் தொடர முடியவில்லை. அலுவலகத்தையும் வீட்டையும் பிரித்துப் பேசுகிற எல்லோருக்கும் இதில் பாடம் இருக்கிறது. ஐந்து நாளும் அலுவலகம் வா என்று சொல்லும் நிறுவனம், ஊழியர் அந்த நகரத்தில் எங்கே தங்குவார் என்று கேட்பதில்லை. ‘சைவம் மட்டும்’ என்ற பலகை இன்றும் நம் தெருக்களில் தொங்குகிறது. வீட்டை வாடகைக்கு விடும் தனி ஆள் சாதி கேட்பதை நேரடியாகக் குற்றமாக்கும் தெளிவான சட்டம் நம்மிடம் இல்லை. ஒரு சமூகத்தாருக்கு மட்டுமே வீட்டுமனை என்று விதி வைத்த கூட்டுறவுச் சங்கத்தின் உரிமையை 2005இல் உச்ச நீதிமன்றமே ஏற்றது. அது அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கு. பார்சி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டவர் எழுதிய அரசியல் சட்டத்தை வைத்துக்கொண்டே இந்தத் தீர்ப்பு வந்தது.

சட்டத்தில் இன்னோர் ஓட்டையும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(r) பிரிவுப்படி, பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ அவமதிப்பது குற்றமாக வேண்டுமானால் அது ‘பொதுப் பார்வையில்’ நடந்திருக்க வேண்டும். வீட்டின் நான்கு சுவருக்குள், வெளியார் இல்லாதபோது நடந்த அவமதிப்பு இதில் வராது என்று 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இணையத்தில் எல்லோரும் காணும்படி பதிவேற்றினால் அது பொதுப் பார்வைதான் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. இரண்டுக்கும் நடுவே இருக்கிறது மேலாளரும் ஊழியரும் மட்டும் பேசும் காணொலி அழைப்பு. அலுவலகம் வீட்டுக்குள் வந்த பிறகு அவமதிப்பும் அந்த நான்கு சுவருக்குள்தான் வருகிறது. சாட்சிக்கு யாரை அழைப்பது? பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், ‘பணியிடம்’ என்பதற்குள் வீட்டையும் சேர்த்திருக்கிறது. சாதி விஷயத்தில் அந்தத் தெளிவு ஏன் கூடாது?

என்ன கேட்க வேண்டும்

தொழிற்சங்கங்களும் சாதி ஒழிப்பு இயக்கங்களும் சேர்ந்து கேட்க வேண்டியவை எனக்குத் தெரிந்து ஐந்து.

ஒன்று, எங்கிருந்து வேலை என்பது நிர்வாகத்தின் ஒரு மின்னஞ்சலில் மாறக் கூடாது. அது வேலை ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். மாற்றுவதென்றால் போதிய காலம் கொடுத்து, இடம் மாறும் செலவையும் தர வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்ய வைத்தால் மின்சாரம், இணையம், நாற்காலி எல்லாம் நிறுவனத்தின் செலவு.

இரண்டு, பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு போலவே சாதிப் பாகுபாட்டுப் புகார்க் குழு ஒவ்வொரு நிறுவனத்திலும் பல்கலைக்கழகத்திலும் வேண்டும். காணொலி அழைப்பும் குறுஞ்செய்திக் குழுவும் பணியிடம் என்று விதியில் இருக்க வேண்டும்.

மூன்று, வாடகை வீட்டில் சாதி, மதம் கேட்பதைத் தடை செய்யும் சட்டம். அதோடு, தமிழ்நாடு அரசு பணிபுரியும் பெண்களுக்கு நடத்தும் ‘தோழி’ விடுதிகள் இன்னும் பல மடங்கு பெருக வேண்டும். ஊருக்குத் திரும்ப முடியாத ஒரு பெண்ணுக்கு விடுதிப் படுக்கை என்பது உயிர்ப் பாதுகாப்பு.

நான்கு, தனியார் துறையில் இட ஒதுக்கீடு. அதற்கு முதல் படியாகச் சாதிவாரியாக ஊழியர் கணக்கை, பதவி வாரியாக, ஆண்டுதோறும் வெளியிடும் கடமை. கணக்கு வெளியே வந்தால் தகுதி, திறமை என்ற பேச்சு எவ்வளவு நாள் நிற்கும் என்று பார்க்கலாம்.

ஐந்து, அலுவலகம் மூடினாலும் சுருங்கினாலும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், காவலர், ஓட்டுநர், உணவகத் தொழிலாளி ஆகியோரின் கூலிக்கு முதன்மை நிறுவனமே பொறுப்பு.

இந்த ஐந்தில் கடைசியைத்தான் நாம் எளிதில் கைவிடுவோம் என்பது என் அச்சம். வீட்டிலிருந்து வேலை கேட்கும் பொறியாளரும், அவர் வராவிட்டால் வேலை போகும் கண்ணகி நகர்ப் பெண்ணும் எதிரெதிரே நிறுத்தப்படுவார்கள். நிர்வாகத்துக்கு அது வசதி. தொழிலாளரைத் தொழிலாளரிடமிருந்து பிரித்து, ஒருவருக்கு மேல் ஒருவராக அடுக்கி வைப்பதுதானே சாதியின் வேலை. அந்தப் பெண்ணின் கூலியையும் தன் கோரிக்கைப் பட்டியலில் எழுதாத மென்பொருள் ஊழியர் சங்கம், எங்கிருந்து வேலை செய்தாலும், சாதியின் அடுக்குக்குள் இருந்துதான் வேலை செய்யும்.